செவிலியர் துறைப் பண்புசார் ஆய்வுகளைப் படிப்பதும் விமர்சிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டுரைகளைக் கூடிப் படித்து அலசும் ஜர்னல் கிளப்பில் பண்புசார் ஆய்வு ஒன்றை, அதாவது எண்களுக்குப் பதிலாக மனிதர்களின் பேச்சையும் அனுபவத்தையும் தரவாகக் கொள்ளும் ஆய்வை, எடுத்துவிட்டால் போதும், அதே சந்தேகங்கள் வரிசையாக வந்து நிற்கும். எம்.எஸ்சி. மாணவர்களும் கேட்கிறார்கள், வார்டில் பல வருடம் பழுத்த சிஸ்டர்களும் கேட்கிறார்கள். கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், தலையைச் சொறிய வைப்பவை பின்னால். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லவில்லை, அந்தக் கேள்வியின் எண்ணைக் குறிப்பிட்டிருக்கிறேன்.

1. கிரிட்டிக் பண்ணு என்றால் குறை கண்டுபிடி என்றுதானே அர்த்தம்?

இல்லை. ஆய்வு என்ன சொல்கிறது, அதைச் சொல்வதற்கு அதன் கையில் எவ்வளவு தரவு இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் இடைவெளி எவ்வளவு என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை. இடைவெளி குறைவாக இருந்தால் அதையும் காரணத்தோடு எழுத வேண்டும். பாராட்டு வரும் இடத்தில் “ஆய்வு நன்றாக உள்ளது” என்று நகர்ந்துவிடுகிறோம், குறை வரும் இடத்தில் மட்டும் அரைப் பக்கம் எழுதுகிறோம். அது சரியில்லை.

மாணவர்களின் விமர்சனங்களில் அடிக்கடி பார்க்கும் வரி ஒன்று உண்டு: “மாதிரி அளவு சிறியது, எனவே பொதுமைப்படுத்த முடியாது.” எந்தப் பண்புசார் ஆய்வின் மேலும் ஒட்டக்கூடிய வரி இது. அதனாலேயே கையில் இருக்கும் ஆய்வைப் பற்றி இது எதையும் சொல்வதில்லை.

2. பன்னிரண்டு பேரிடம் பேசிவிட்டு அதை ஆய்வு என்கிறார்களே, எப்படி?

எத்தனை பேருக்கு இப்படி நடக்கிறது என்று கேட்டால் பன்னிரண்டு பேர் போதாதுதான். அந்த அனுபவம் எப்படிப்பட்டது, எப்படி நடக்கிறது, அதை அவர்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று கேட்டால் கணக்கே வேறு. அங்கே எண்ணிக்கையைவிட யாரைத் தேர்ந்தெடுத்தார்கள், எவ்வளவு ஆழமாகப் பேசினார்கள் என்பதுதான் முக்கியம். ஐசியுவில் மரணத்தை எதிர்கொள்ளும் நர்ஸ்களைப் பற்றிய ஆய்வில் பன்னிரண்டு பேருமே புதிதாகச் சேர்ந்தவர்கள் என்றால் அது கேட்க வேண்டிய கேள்வி. பன்னிரண்டு என்ற எண் மட்டும் கேள்வி ஆகாது.

இந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது என்றும் சிலர் கேட்பார்கள். கெஸ்ட் என்பவரும் அவருடைய சகாக்களும் 2006ல் வெளியிட்ட கட்டுரை அடிக்கடி மேற்கோள் காட்டப்படும். கானா, நைஜீரியா நாடுகளில் பெண்களிடம் எடுத்த 60 நேர்காணல்களை வரிசையாக அலசியபோது, முக்கியமான கருத்துகள் அனேகமாக முதல் 12 நேர்காணல்களுக்குள்ளேயே வந்துவிட்டன. ஆனால் பங்கேற்றவர்கள் ஓரளவு ஒரே மாதிரியான குழு, எல்லாரிடமும் கேட்டது ஒரே மாதிரியான கேள்விகள். இந்த இரண்டையும் விட்டுவிட்டு எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு வருபவர்கள்தான் அதிகம்.

3. ஆதாரப் பிரமிடில் இது கீழேதானே இருக்கிறது? இதைப் படித்து என்ன ஆகப் போகிறது?

ஆய்வு வகைகளை ஆதார வலுவின்படி மேலிருந்து கீழாக அடுக்கும் அந்தப் பிரமிடை அமைத்தது ஒரு வகைக் கேள்விக்காக: இந்தச் சிகிச்சை பலன் தருகிறதா, இல்லையா? வலி மருந்து எவ்வளவு வலியைக் குறைக்கிறது என்று தெரிய நோயாளிகளைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்து ஒப்பிடும் ராண்டமைஸ்டு ட்ரையல்தான் வேண்டும். மருந்து எழுதியிருந்தும் ஒரு நோயாளி ஏன் கேட்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறார் என்பதை ட்ரையல் சொல்லாது. அதற்கு அவரிடம் உட்கார்ந்து பேச வேண்டும்.

இந்தச் சண்டை பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. பண்புசார் ஆய்வுகளுக்கு முன்னுரிமை இல்லை என்று திருப்பி அனுப்பும் போக்கை எதிர்த்து, 2016ல் 11 நாடுகளைச் சேர்ந்த 76 மூத்த கல்வியாளர்கள் பிஎம்ஜே மருத்துவ இதழின் ஆசிரியர்களுக்குத் திறந்த மடல் எழுதினார்கள். அதே ஆண்டு வெளிவந்த உலக சுகாதார நிறுவனத்தின் கர்ப்பகாலப் பராமரிப்பு வழிகாட்டி, பெண்கள் எதை விரும்புகிறார்கள், எதை மதிக்கிறார்கள் என்பதற்குப் பண்புசார் ஆய்வுகளின் தொகுப்பைத்தான் ஆதாரமாக எடுத்துக்கொண்டது. பிரமிடின் கீழ்ப்படி என்று ஒதுக்கிவிட்டு அந்த வழிகாட்டியைப் பின்பற்றினால் நாமே நம்மோடு முரண்படுகிறோம்.

4. ஒரு கட்டுரையை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது? முறையியலைப் படித்தாலே தூக்கம் வருகிறது.

சுருக்கத்தைப் படித்துவிட்டு நேராக முடிவுகள் பகுதிக்குப் போங்கள். அங்கே ஆசிரியர்களின் விளக்கத்தைத் தாண்டிவிட்டு மேற்கோள்களை, அதாவது பங்கேற்றவர்களின் பேச்சை, மட்டும் முதலில் படியுங்கள். “இவர்கள் என்ன சொல்ல வருகிறார்கள்?” என்று ஓரத்தில் உங்கள் பாட்டுக்கு இரண்டு வரி எழுதிவையுங்கள். அப்புறம் ஆசிரியர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் குறிப்பும் அவர்கள் விளக்கமும் எங்கே விலகுகின்றனவோ அங்கேதான் விமர்சனம் தொடங்குகிறது.

அதன் பிறகு முறையியலுக்கு வந்தால் தூக்கம் வராது, ஏனென்றால் இப்போது உங்களிடம் கேள்வி இருக்கிறது. முறையியல் பகுதியை யார் எழுதினாலும் நன்றாகத்தான் எழுதுவார்கள். சொன்னபடி செய்தார்களா என்பது முடிவுகளில்தான் தெரியும்.

நேர்காணல் கேள்விகள் இணைப்பாகக் கொடுக்கப்பட்டிருந்தால் கட்டாயம் பாருங்கள். “இரவுப் பணி உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது?” என்று கேட்டுவிட்டு, “இரவுப் பணி கஷ்டமானது” என்று கண்டுபிடிப்பதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

5. ஃபினாமினாலஜி, கிரவுண்டட் தியரி, எத்னோகிராஃபி எல்லாம் ஒன்றுபோலவே தெரிகிறது. எல்லாவற்றிலும் பேட்டிதானே எடுக்கிறார்கள்?

பேட்டி எடுப்பது பொதுவாக இருக்கலாம், எதைத் தேடுகிறார்கள் என்பதுதான் வேறு. ஒரு அனுபவத்தை உள்ளிருந்து வாழ்வது எப்படி இருக்கிறது என்று தேடினால் ஃபினாமினாலஜி. ஒரு விஷயம் எந்தப் படிகளில் நகர்கிறது, மனிதர்கள் அதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று தேடி, அதிலிருந்து ஒரு கோட்பாட்டைக் கட்டினால் கிரவுண்டட் தியரி. ஒரு குழுவின் பழக்கவழக்கங்களை, எழுதப்படாத விதிகளைக் கூடவே இருந்து பார்த்துப் புரிந்துகொண்டால் எத்னோகிராஃபி. இவை எதிலும் அடங்காமல் எளிமையாக விவரிக்கும் ஆய்வுகளும் உண்டு, அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

கிரவுண்டட் தியரி செவிலியர் துறைக்கு இரவல் சரக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். அதை உருவாக்கிய கிளேசர், ஸ்ட்ராஸ் இருவரும் சமூகவியலாளர்கள். ஆனால் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்பிரான்சிஸ்கோ செவிலியர் கல்லூரியில் பணியாற்றியபோது, மருத்துவமனைகளில் இறந்துகொண்டிருக்கும் நோயாளிகளைச் சுற்றி என்ன நடக்கிறது என்று ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வு 1965ல் நூலாக வந்தது. முறையை விளக்கும் நூல் இரண்டு வருடம் கழித்துத்தான் வந்தது.

விமர்சிக்கும்போது கேட்க வேண்டியது: பெயர் பலகைக்கும் உள்ளே இருப்பதற்கும் பொருத்தம் உண்டா? கிரவுண்டட் தியரி என்று எழுதிவிட்டு, கடைசியில் ஐந்து தீம்களின் (தரவில் திரும்பத் திரும்பத் தெரியும் கருத்து இழைகளின்) பட்டியலை மட்டும் கொடுத்து, அவற்றுக்குள் என்ன தொடர்பு என்றே சொல்லாமல் விட்டிருந்தால் அங்கே தியரி இல்லை. ஃபினாமினாலஜி என்று சொல்லிவிட்டு, ஒவ்வொருவரிடமும் பதினைந்து நிமிடம் மட்டும் பேசியிருந்தால் அனுபவத்தின் ஆழத்துக்கு எப்படிப் போனார்கள் என்று கேட்கலாம்.

6. வாலிடிட்டி, ரிலையபிலிட்டி எங்கே? ஒரு எண்கூட இல்லையே.

அளக்க வேண்டியதைத்தான் அளந்தோமா (வாலிடிட்டி), திரும்ப அளந்தால் அதே விடை வருமா (ரிலையபிலிட்டி) என்ற அதே கவலைகளுக்கு இங்கே வேறு பெயர்கள். லிங்கன், கூபா என்ற இருவர் 1985ல் முன்வைத்த நான்கு அளவுகோல்கள்தான் இன்றும் பாடப்புத்தகங்களில் வருகின்றன. பங்கேற்றவர்களின் உண்மையை ஆய்வு சரியாகப் பிடித்திருக்கிறதா என்பது நம்பத்தக்க தன்மை. வேறு இடத்துக்கு எடுத்துச் செல்லப் போதிய விவரம் இருக்கிறதா என்பது மாற்றத்தக்க தன்மை. ஆய்வு நடந்த விதத்தைப் படிப்படியாகப் பின்தொடர முடிகிறதா என்பது சார்ந்திருக்கத்தக்க தன்மை. முடிவுகள் தரவிலிருந்து வந்தவையா, ஆய்வாளரின் ஆசையிலிருந்து வந்தவையா என்பது உறுதிப்படுத்தத்தக்க தன்மை.

நான்கு பெயர்களையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி நிரப்பி, “இவ்வாறு ஆய்வின் தரம் உறுதிசெய்யப்பட்டது” என்று முடிக்கும் கட்டுரைகள் நிறைய. அந்தப் பத்தியை நான் வேகமாகத் தாண்டிவிடுவேன். ஆடிட் டிரெயில், அதாவது ஆய்வில் எடுத்த முடிவுகளைப் படிப்படியாகப் பதிந்த குறிப்பு, வைத்திருந்தோம் என்றால் அதில் ஒரு துண்டாவது கண்ணில் பட வேண்டும். நடுவில் எந்த முடிவை ஏன் மாற்றினார்கள், எந்தக் கோடை (பேச்சின் ஒரு துண்டுக்கு இடும் குறிப்புப் பெயரை) எதோடு சேர்த்தார்கள் என்று ஓரிடத்திலாவது சொல்லியிருந்தால் அது ஒரு முழுப் பத்தி உறுதிமொழிக்குச் சமம்.

7. “டேட்டா சாச்சுரேஷன் அடையப்பட்டது” என்று ஒரு வரி இருக்கிறது. டிக் போட்டுவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். சாச்சுரேஷன் என்பதையே பலர் பல விதமாகச் சொல்கிறார்கள். புதிய தகவல் வருவது நின்றது என்பது ஒன்று. கிரவுண்டட் தியரியில் அது ஒவ்வொரு கருத்தின் பண்புகளும் முழுதாக விரிந்துவிட்டன என்ற கடினமான நிலை. எதைச் சொல்கிறார்கள், எத்தனையாவது நேர்காணலில் அதை உணர்ந்தார்கள், உணர்ந்த பிறகு இன்னும் ஒன்றிரண்டு எடுத்துச் சரிபார்த்தார்களா என்று தேடுங்கள். எல்லா நேர்காணலையும் முடித்துவிட்டு அதன் பிறகுதான் பகுப்பாய்வைத் தொடங்கினோம் என்று அதே கட்டுரை வேறு பத்தியில் சொன்னால், சாச்சுரேஷனை அவர்கள் எப்படிக் கண்டார்கள் என்று கேட்பது நியாயமான கேள்வி.

அந்த வரியே இல்லாத கட்டுரைகளையும் பார்ப்பீர்கள். தரவிலிருந்து தீம்களை உருவாக்கும் தீமாட்டிக் பகுப்பாய்வைப் பரவலாக்கிய பிரான், கிளார்க் இருவரும், தங்கள் முறைக்குச் சாச்சுரேஷன் பொருந்தவே பொருந்தாது என்று வாதிடுகிறார்கள். 2016ல் மால்டெருடும் சகாக்களும் மாற்றாகத் தகவல் வலு என்ற கருத்தைக் கொண்டுவந்தார்கள். நோக்கம் குறுகலாக, ஆட்கள் பொருத்தமாக, உரையாடல் வளமாக இருந்தால் குறைவான பேரே போதும் என்பது அதன் சாரம். ஆக, வரி இல்லை என்பதற்காக மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். மாதிரி அளவுக்கு ஏதாவது ஒரு நியாயம் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

8. பேட்டி எடுத்தவரே அந்த வார்டு இன்சார்ஜ். இது அப்பட்டமான பயாஸ் இல்லையா?

உள்ளே இருப்பவர் ஆய்வு செய்வது தானாகவே குற்றம் ஆகாது. வெளியாளுக்கு வாய் திறக்காதவர்கள் உள்ளாளிடம் மனம் விட்டுப் பேசலாம். டியூட்டி கைமாற்றும் நேரத்தில் ஒரு நர்ஸ் சொல்லாமல் விட்டது என்ன என்று உள்ளாளுக்குத்தான் புரியும். அதே உள்ளாளுக்கு எல்லாம் பழகிப்போய், கேட்க வேண்டிய கேள்வியே தோன்றாமலும் போகலாம்.

ஆனால் இன்சார்ஜ் என்பது வெறும் உள்ளாள் நிலை அல்ல, அதிகாரம். டியூட்டி ரோஸ்டர் போடுபவரிடம் “ஆள் பற்றாக்குறையால் நான் மருந்தைத் தாமதமாகக் கொடுத்தேன்” என்று எத்தனை பேர் சொல்வார்கள்? எனவே நீங்கள் தேட வேண்டியது, ஆய்வாளர் தன் நிலையை எழுதினாரா என்பதோடு, அதை வைத்து என்ன செய்தார் என்பதையும். வேறு ஒருவரை நேர்காணல் எடுக்கச் சொன்னாரா? தன் வார்டைத் தவிர்த்தாரா? முடிவுகளில் நிர்வாகத்தைப் பற்றிய ஒரு முணுமுணுப்பாவது வந்திருக்கிறதா? எல்லாரும் இன்சார்ஜைப் புகழ்ந்து மட்டுமே பேசியிருந்தால் அந்த மௌனமும் ஒரு தரவுதான்.

“ஆய்வாளர் தன் முன்முடிவுகளை ஒதுக்கி வைத்தார்” என்ற வரி மட்டும் போதாது. என்ன முன்முடிவு இருந்தது என்று சொன்னால்தானே ஒதுக்கினாரா என்று நமக்குத் தெரியும்?

9. தீம் நல்லதா, சுமாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாமே நன்றாக இருப்பதுபோல்தான் தெரிகிறது.

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும், ஆனால் இங்கேதான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். விளக்குவதற்காக நானே உருவாக்கிய ஒரு மேற்கோளை எடுத்துக்கொள்வோம். அலாரம் சத்தங்களைப் பற்றிய ஆய்வில் ஒரு ஐசியு நர்ஸ் இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள்: “ராத்திரி மூணு மணிக்கு மானிட்டர் கத்துனா, அது என் பெட்டா இல்லையான்னுதான் முதல்ல பார்ப்பேன். என் பெட் இல்லைன்னா அப்படியே சார்ட் எழுதிட்டு இருப்பேன். ஆனா வீட்டுக்குப் போய்ப் படுத்தா அந்தச் சத்தம்தான் காதுல கேட்கும்.”

இதற்கு மூன்று விதமாகத் தீம் எழுதலாம். “அலாரம் பற்றிய அனுபவங்கள்” என்று ஒருவர் எழுதுகிறார். அது தலைப்பு, அந்த நர்ஸ் என்ன சொன்னார் என்று அதிலிருந்து ஒன்றும் தெரியாது. “செவிலியர்களின் பொறுப்பின்மை” என்று இன்னொருவர் எழுதுகிறார். அவர் நடு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசி வரியைக் காற்றில் விட்டுவிட்டார், கூடவே தீர்ப்பும் சொல்லிவிட்டார். மூன்றாமவர் “பொறுப்புக்கு எல்லை போட்டாலும் சத்தத்துக்கு எல்லை இல்லை” என்று எழுதுகிறார். என் பெட், என் பெட் இல்லை என்ற பிரிப்பையும், அந்தப் பிரிப்பு வீடு வரை தாங்கவில்லை என்பதையும் சேர்த்துப் பிடிக்கிறது அது. மூன்று வரிக்கும் கணக்குச் சொல்கிறது. நல்ல தீம் என்றால் எனக்கு அதுதான். ஆனால் ஒரே ஒருவரின் பேச்சில் இது நின்றால் இன்னும் தீம் ஆகவில்லை. வேறு நர்ஸ்களின் பேச்சிலும் இதே இழை வேறு வடிவங்களில் தெரிய வேண்டும்.

இன்னும் சில சோதனைகள். மேற்கோள்களின் பக்கத்தில் இருக்கும் பங்கேற்பாளர் எண்களை விரல் விட்டு எண்ணுங்கள். பதினைந்து பேரில் 3, 3, 7, 3, 7 என்றே வந்துகொண்டிருந்தால் மற்ற பதின்மூன்று பேர் எங்கே? தீம்களின் பெயர்களை நேர்காணல் கேள்விகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். “சவால்கள், ஆதரவு, பரிந்துரைகள்” என்று கேட்டு, “சவால்கள், ஆதரவு, பரிந்துரைகள்” என்றே தீம் வந்திருந்தால் பகுப்பாய்வு நடக்கவில்லை, பதில்களைப் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கிறார்கள். எல்லாரும் ஒரே மாதிரி சொன்னதாக எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள். “எனக்கு அப்படி இல்லை” என்று சொன்ன ஒருவராவது இருந்திருப்பார். அவரை ஆசிரியர்கள் என்ன செய்தார்கள் என்பது அவர்களின் நேர்மைக்கு நல்ல அடையாளம்.

10. பங்கேற்றவர்களிடம் முடிவுகளைத் திருப்பிக் காட்டவில்லை. மெம்பர் செக்கிங் இல்லை என்று எழுதலாமா?

எந்த முறை என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். ஃபினாமினாலஜிக்குள்ளேயே இதில் ஒற்றுமை இல்லை. ஃபினாமினாலஜிக்குப் பகுப்பாய்வு முறை ஒன்றை வகுத்த கொலாய்சியின் முறையில் பங்கேற்றவர்களிடம் திரும்பிப் போவது கடைசிப் படி. இன்னொரு முறையை வகுத்த ஜியோர்ஜி அதை ஏற்கவில்லை. பங்கேற்றவர் தன் அனுபவத்தைச் சொல்லலாம், அந்த அனுபவத்தின் அமைப்பை அலசுவது வேறு வேலை என்பது அவர் நிலைப்பாடு. கொலாய்சியைப் பின்பற்றினோம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போகவில்லை என்றால் அது ஓட்டை. ஜியோர்ஜியைப் பின்பற்றியவர்களிடம் அதைக் கேட்பது பொருந்தாது.

செய்திருந்தாலும் எப்படிச் செய்தார்கள் என்று கேளுங்கள். எழுத்துப்படியை அனுப்பி “சரிதானே?” என்று கேட்பது தட்டச்சுப் பிழையைத்தான் பிடிக்கும், விளக்கத்தைச் சோதிக்காது.

11. இரண்டு பேர் தனித்தனியாகக் கோடிங் செய்து கப்பா 0.85 என்று போட்டிருக்கிறார்கள். இது பலம்தானே?

கப்பா என்பது இரண்டு பேரின் கோடிங் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் எண். முன்கூட்டியே தீர்மானித்த கோட் பட்டியலை வைத்து உள்ளடக்கப் பகுப்பாய்வு செய்தால், ஆம், பலம். ஆய்வாளரின் பார்வையையே கருவியாகக் கொள்ளும் தீமாட்டிக் பகுப்பாய்வில் அந்த எண் இடம் தெரியாமல் வந்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பேரும் ஒரே மாதிரி பயிற்சி எடுத்து ஒரே மாதிரி கோட் போட்டார்கள் என்பதைத்தான் அது காட்டும், கோட் அர்த்தமுள்ளதா என்பதை அல்ல. அங்கே இரண்டாவது ஆளின் பயன், மாற்றுக் கோணம் சொல்லிச் சண்டை போடுவது.

12. என்விவோ மென்பொருளில் பகுப்பாய்வு செய்தார்களாம். அதற்கு எத்தனை மார்க்?

பூஜ்யம். அது தரவை அடுக்கித் தேட உதவும் அலமாரி. தீம் கண்டுபிடிப்பது மனிதர்.

13. “70 சதவீதம் செவிலியர்கள் மன அழுத்தம் இருப்பதாகக் கூறினர்” என்று ஒரு பண்புசார் ஆய்வில் இருக்கிறது. சரியா?

பத்துப் பேரில் ஏழு பேர் என்று எழுதினால் கோபப்பட மாட்டேன், அது உள்ளே நடந்ததைச் சொல்வது. சதவீதமாக மாற்றியதும் வெளியில் உள்ள எல்லாச் செவிலியர்களையும் பற்றிப் பேசுவதுபோல் ஒலிக்கிறது, அதற்கான மாதிரி இது இல்லை. இன்னொரு சிக்கல்: நேர்காணலில் எல்லாரிடமும் அதே கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள். மீதி மூன்று பேர் இல்லை என்று சொன்னார்களா, அந்தப் பேச்சே எழவில்லையா? அது தெரியாமல் எண்ணுக்கு மதிப்பு இல்லை. பலர், சிலர் என்று மொட்டையாக எழுதுவதும் பிரச்சினைதான். எண்ணுவதே தவறு என்ற மூடநம்பிக்கைக்கு இதைச் சாட்சியாக்க வேண்டாம்.

14. எத்திக்ஸ் கமிட்டி அனுமதி எண் கொடுத்துவிட்டார்கள். அதற்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது?

நிறைய. “பங்கேற்பாளர் 5, ஆண், 52 வயது, டயாலிசிஸ் பிரிவு” என்று மேற்கோளுக்குக் கீழே போட்டிருந்தால், அந்த மருத்துவமனையில் வேலை பார்க்கும் யாருக்கும் அவர் யார் என்று தெரிந்துவிடும். பெயரை மாற்றிவிட்டோம் என்பது அங்கே வெறும் சடங்கு. குழந்தையை இழந்த தாயிடம் பேசினால், பேச்சின் நடுவே அவர் உடைந்து போனால் என்ன ஏற்பாடு இருந்தது? நர்ஸே ஆய்வாளராக இருக்கும்போது, நோயாளி ஒப்புக்கொண்டது ஆய்வுக்காகவா, கவனித்துக்கொள்பவரிடம் மறுக்க முடியாமலா? எட்டாவது கேள்வியில் சொன்ன அதிகாரப் பிரச்சினை இங்கேயும் வருகிறது.

15. எந்தச் செக்லிஸ்ட் நல்லது? கோரெக்கில் 32க்கு 24 வந்தால் நல்ல ஆய்வா?

கோரெக் என்பது 2007ல் வந்த, நேர்காணல்களுக்கும் குழு உரையாடல்களுக்குமான 32 அம்சப் பட்டியல். அது என்னென்ன எழுத வேண்டும் என்று ஆசிரியர்களுக்குச் சொல்வது. நன்றாக எழுதப்பட்ட மோசமான ஆய்வு அதில் முழு மதிப்பெண் வாங்கும். 2014ல் வந்த 21 அம்சங்கள் கொண்ட எஸ்ஆர்க்யூஆர் பட்டியலும் அதே வகைதான். ஆய்வின் தரத்தைப் பார்க்க காஸ்ப், ஜேபிஐ என்ற இரண்டு பட்டியல்கள் உண்டு, இரண்டிலும் பத்துப் பத்துக் கேள்விகள். முதல்முறை விமர்சிப்பவர்களுக்கு காஸ்ப் எளிது. ஆய்வின் தத்துவ நிலைப்பாட்டுக்கும் முறைக்கும் பொருத்தம் உண்டா என்று ஜேபிஐ நேரடியாகக் கேட்கும், அதனால் மேற்படிப்பு மாணவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

கூட்டிப் போட்டு மதிப்பெண் ஆக்காதீர்கள். எத்திக்ஸ் அனுமதிக்கு ஒரு மார்க், தீம்கள் தரவில் நிற்கின்றனவா என்பதற்கும் ஒரு மார்க் என்றால் இரண்டும் சமமா? செக்லிஸ்ட் எதையாவது மறந்துவிடாமல் இருக்க உதவும். தீர்ப்பு உங்களுடையது, அதற்குக் காரணம் எழுத வேண்டியதும் நீங்கள்தான்.

16. ஆய்வு வேறு நாட்டில் நடந்தது. என் வார்டுக்கு இது பொருந்துமா?

பொருந்துமா என்று முடிவு செய்வது ஆசிரியர்களின் வேலை இல்லை, உங்கள் வேலை. இடம், ஆட்கள், நர்ஸ் ஒருவருக்கு எத்தனை நோயாளிகள், யார் யாருக்குக் கீழே என்ற விவரங்களைக் கொடுப்பது வரைதான் அவர்கள் பொறுப்பு. அந்த விவரம் இல்லை என்றால் அதைக் குறையாக எழுதுங்கள்.

ஐந்தாவது கேள்வியில் சொன்ன கிளேசர், ஸ்ட்ராஸ் ஆய்வையே பாருங்கள். இறக்கப்போகிறோம் என்று நோயாளிக்குத் தெரியும், ஊழியர்களுக்கும் தெரியும், ஆனால் இரு தரப்பும் தெரியாததுபோல் நடந்துகொள்ளும் ஒரு நிலையை அவர்கள் விவரித்தார்கள். பரஸ்பரப் பாசாங்கு என்று அதைச் சொல்லலாம். 1960களின் அமெரிக்க மருத்துவமனைகளில் எடுத்த தரவு அது. அதில் எத்தனை சதவீத நோயாளிகள் அந்த நிலையில் இருந்தார்கள் என்பதை இன்னோர் இடத்துக்கு எடுத்துச் செல்ல முடியாது. ஆனால் புற்றுநோய் வார்டில் வேலை பார்த்த எந்த நர்ஸும் அந்த விவரிப்பைப் படித்ததும், கட்டில் ஓரத்தில் விடுமுறைத் திட்டம் பேசிக்கொண்டிருந்த ஏதோ ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வார். எடுத்துச் செல்லக்கூடியது அந்தக் கருத்து. உங்கள் வார்டில் அந்தப் பாசாங்கைத் தாங்கிப் பிடிப்பது எது, உடைப்பது எது என்பது வேறாக இருக்கலாம், அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

17. இரண்டு ஆய்வுகள் எதிரும் புதிருமாகச் சொல்கின்றன. குடும்பத்தினர் ஐசியுவில் கூடவே இருக்க விரும்புகிறார்கள் என்று ஒன்று, வெளியே இருக்கவே விரும்புகிறார்கள் என்று இன்னொன்று. எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். யாரிடம், எந்தக் கட்டத்தில், எந்தச் சூழ்நிலையில் கேட்டார்கள் என்று பாருங்கள். அனுமதித்த முதல் நாளில் கேட்டதும் மூன்றாவது வாரம் கேட்டதும் ஒன்றாகாது. முரண்பாட்டை விளக்க முடிந்தால், தனித்தனியாகப் படித்ததைவிட அதிகம் கற்றுக்கொண்டீர்கள் என்று அர்த்தம்.

பல ஆய்வுகளை முறையாகச் சேர்த்துப் படிப்பதற்குப் பண்புசார் ஆதாரத் தொகுப்பு என்று ஒரு தனித் துறையே இருக்கிறது. அப்படித் தொகுத்த முடிவு ஒவ்வொன்றையும் எவ்வளவு நம்பலாம் என்று சொல்ல கிரேட்-செர்க்குவல் என்ற அணுகுமுறை உண்டு. முறையியல் குறைகள், தரவோடு முடிவு ஒத்துப்போகும் அளவு, தரவின் போதுமை, நம் கேள்விக்கு அதன் பொருத்தம் என்று நான்கைப் பார்த்து, உயர்ந்த நம்பிக்கை முதல் மிகக் குறைந்த நம்பிக்கை வரை மதிப்பிடும். தனி ஆய்வை அல்ல, தொகுத்த முடிவை எடைபோடும் கருவி அது. ஒற்றைக் கட்டுரையின் விமர்சனத்தில் இதைக் கொண்டுவந்து செருகுபவர்கள் இருக்கிறார்கள்.

18. கட்டுரையில் ஒரு விஷயம் இல்லை. அவர்கள் செய்யவில்லை என்று எழுதலாமா?

“குறிப்பிடப்படவில்லை” என்று எழுதுங்கள். இதழ்களின் சொல் வரம்பு பண்புசார் ஆய்வுகளுக்குக் கழுத்தை நெரிக்கும் அளவுக்குக் குறுகலானது. மேற்கோள்களுக்கு இடம் கொடுக்க முறையியலைத்தான் முதலில் வெட்டுவார்கள். இணைப்புக் கோப்புகளையும், அதே குழுவின் முந்தைய கட்டுரையையும் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

எழுதும்போது, விடுபட்டது முடிவுகளை எப்படிப் பாதிக்கிறது என்றும் சேர்த்து எழுதுங்கள். “ஆய்வாளரின் நிலை குறிப்பிடப்படவில்லை” என்பது பாதி வாக்கியம். “பங்கேற்றவர்களும் ஆய்வாளரும் ஒரே பிரிவில் பணிபுரிகிறார்களா என்று குறிப்பிடப்படவில்லை; மேலதிகாரிகளைப் பற்றிய விமர்சனம் முடிவுகளில் எங்கும் இல்லாததற்கு இது காரணமாக இருக்கலாம்” என்பது முழு வாக்கியம்.

19. ஆசிரியர்களின் விளக்கத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. மாணவி நான், என் விளக்கத்தை எழுதலாமா?

எழுதலாம், அச்சிடப்பட்டுள்ள மேற்கோள்களை வைத்துக்கொண்டு. ஒன்பதாவது கேள்வியில் செய்ததுபோல், ஆசிரியர்களின் தீம் எந்த வரியை விட்டுவிட்டது, உங்கள் விளக்கம் அந்த வரிக்கு எப்படிக் கணக்குச் சொல்கிறது என்று காட்டுங்கள். உங்கள் வார்டு அனுபவம் ஒரு கோணத்தைத் தரலாம், ஆனால் “என் அனுபவத்தில் அப்படி இல்லை” என்பது மட்டும் மறுப்பு ஆகாது. அவர்கள் பேசியது வேறு மனிதர்களிடம்.

ஒரு எல்லையும் உண்டு. அவர்கள் முழு எழுத்துப்படிகளையும் படித்தவர்கள், நீங்கள் பார்ப்பது இருபது முப்பது துண்டுகளை. எனவே “இந்த விளக்கம் தவறு” என்று எழுதாமல், “கொடுக்கப்பட்ட மேற்கோள்கள் இன்னொரு விளக்கத்துக்கும் இடம் தருகின்றன, அதை ஏன் விலக்கினார்கள் என்று ஆசிரியர்கள் சொல்லவில்லை” என்று எழுதுங்கள். மதிப்பெண் போடுபவர்கள் ஒரு விமர்சனத்தில் தேடுவதும் அனேகமாக இப்படிப்பட்ட ஒரு பத்தியைத்தான்.